சங்கிலியோடு கூப்பிட்டேன்

பழனிக்குப் பாதயாத்திரை போகிற சாலையோரம் எங்கள் வீடு. எங்கள் நாய் ராக்கியின் கழுத்துப் பட்டையில் முப்பதடி நைலான் கயிற்றைக் கட்டி, கூப்பிட்டால் வரப் பழக்கினேன். வந்ததும் பிஸ்கட் கொடுப்பேன். இரண்டே மாதத்தில் ஒரு குரலுக்கு ஓடிவந்தது. இனி எதற்கு என்று கயிற்றை அவிழ்த்தேன். பிஸ்கட்டையும் நிறுத்தினேன்.

அதன்பின் நான் கூப்பிட்டதெல்லாம் குளிப்பாட்டவும், உண்ணி மருந்து போடவும், கட்டிப்போடவும்தான். தாமதமாக வந்தால் அடியும் விழும்.

தைப்பூசத்துக்கு முன் ஒரு காலையில் கேட் திறந்து கிடந்தது. பிஸ்கட் போட்ட பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னால் ராக்கி போய்க்கொண்டிருந்தது. சங்கிலியை எடுத்துக்கொண்டு ஓடிக் கூப்பிட்டேன். நின்று திரும்பியது.

"அம்மா கூப்பிடுறாங்கல்ல, போ" என்று ஒரு பக்தர்கூட விரட்டினார்.

ராக்கி என் கையைப் பார்த்தது. பிறகு கூட்டத்துக்குள் நுழைந்து ஓடிவிட்டது.

நானும் கணவரும் செல்போனில் படத்தைக் காட்டியபடி பழனிவரை இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "நீ கூப்பிட்டாலே கட்டிப்போடத்தான்னு அதுக்குத் தெரியும். பெறகு எப்படி வரும்?"



இப்போது வேறொரு குட்டி வளர்க்கிறேன். ஒரு வருடமாகியும் வெளியே நீளக் கயிறு இல்லாமல் விடுவதில்லை. கூப்பிட்டதும் வந்தால் பிஸ்கட் கொடுத்து, மறுபடி விளையாட விடுகிறேன். குளிப்பாட்டவோ கட்டவோ வேண்டுமென்றால் நானே நடந்துபோய்ப் பிடிக்கிறேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடித்தான் வருகிறது. ராக்கியும் இப்படித்தான் வந்துகொண்டிருந்தது.