சஜ்தாவில் வெற்றிலை வாசம்

நேற்று அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். பத்திரிகையோடு வெற்றிலை பாக்கும் கொடுத்தார். நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. வேண்டாம் என்று சொல்லவா முடியும்? வாங்கிப் பைக்குள் போட்டேன். பைக்குள் மடித்து வைத்த தொழுகை விரிப்பும் இருந்தது. சாயந்திரம் அசர் தொழ அதை விரித்து நின்றேன். சஜ்தாவில் நெற்றியும் மூக்கும் தரையில் பட்டதுதான் தாமதம், குப்பென்று வெற்றிலை வாசம். தொழுகையில் மனசு அலையக்கூடாதுதான். என் மனசு என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது? அது பாட்டுக்குப் பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் போய்விட்டது.

அங்கே ஒரு பெண்கள் விடுதியில் தங்கித்தான் பி.காம் படித்தேன். அறையில் நானும் மாரியும். மாரி சோழவந்தான்காரி, வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வார்டன் அக்காவைக் குளிரவைக்க ஒரு கட்டு வெற்றிலை கொண்டுவருவாள். அதை ஈரத்துணியில் சுற்றிச் சுவரோரம் வைப்பாள். வெயில் படாத இடம் அறையில் அது ஒன்றுதான். நான் பாய் விரிக்கிற இடமும் அதுதான். மேற்கே ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. தொழும் திசையான கிப்லா மேற்கு என்பதால் நான் ஜன்னலைப் பார்த்துத் தொழுவேன். மாரியும் குளித்துவிட்டு வந்து அதே ஜன்னலைப் பார்த்துத்தான் முருகனைக் கும்பிடுவாள். "சீக்கிரம் முடிடி, எனக்கு ஜன்னல் வேணும்" என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு சாமிச் சண்டை வந்ததில்லை.

என்னை விடுதிக்கு அனுப்புவதில் சொந்தத்தில் ஒருவருக்கும் சம்மதமில்லை. அத்தாவின் அண்ணன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "வெளிய போற புள்ள மொதல்ல தொழுகைய விடும், அப்புறம் படிப்பையும் விடும்." அத்தா மேலூரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். அன்றைக்கு என்ன வேகமோ, "எம் மக ரெண்டையும் விடமாட்டா" என்று சபையில் சொல்லிவிட்டார். பந்தயம் கட்டியது அவர், ஓட வேண்டியது நான். எனக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் தங்கச்சி வேறு. நான் ஒரு பேப்பரில் விழுந்தால் அவளுக்குக் கல்லூரி வாசலே கிடையாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்கச்சிக்கும் தெரியும். அதனாலேயே நான் ஊருக்குப் போனால் என் துணியையெல்லாம் அவளே துவைத்துப் போடுவாள். பாவமாக இருக்கும்.

தினமும் ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு அத்தா போன் பண்ணுவார். ஒரே கேள்விதான். "ரெண்டும் சரியா இருக்கா?"

"சரியா இருக்குத்தா."

அத்தோடு வைத்துவிடுவார்.

ரெண்டும் சரியாக இருந்தது வாஸ்தவம்தான். நடுவில் தூக்கம்தான் துண்டு துண்டாகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் லுஹர் தொழுதுவிட்டு ஓடினால் டிபன் டப்பாவைத் திறக்கும்போதே மணி அடித்துவிடும். சாயந்திரம் கண் அசரும்போது அசர் வந்து நிற்கும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. விடியுமுன் தொழுகிற சுபுஹுதான் என் ஜென்ம விரோதி. நான் தூங்கினால் கட்டிலோடு தூக்கி வைகையில் போட்டாலும் தெரியாது.

மாரி நேர்மாறு. கொடிக்கால் வீட்டுப் பிள்ளை, இருட்டோடு எழுந்து பழக்கம். பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டதும் என் கால் பெருவிரலைப் பிடித்து இழுப்பாள். சுபுஹு பாங்கில் மட்டும் கூடுதலாக வருகிற ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டாள் ஒருநாள். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று வாய் தவறிச் சொல்லித்தொலைத்தேன். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, தூக்கத்தவிட தொழுகை பெருசுன்னு ஒங்காளு மைக்ல சொல்லிட்டாரு. எந்திரி!"

"அஞ்சு நிமிஷம் மாரி..."

"அவர்கிட்ட போய்ச் சொல்லு அஞ்சு நிமிஷம்னு. எந்திரிடி!"

பதிலுக்கு நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது சில சட்டங்கள். தொழுகிறவள் குறுக்கே போகக்கூடாது. கூப்பிடக்கூடாது, கூப்பிட்டாலும் பதில் வராது. தொடவே கூடாது. சொன்ன நான்கூட அவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்க மாட்டேன், அவள் இருந்தாள். ஒருதரம் நான் தொழும்போது வார்டன் அக்கா வந்து சத்தம்போட, வாசலிலேயே மறித்து, "அவ சாமிகிட்ட பேசிட்டிருக்கா, ஒங்களுக்கு என்னக்கா அவசரம்?" என்று கேட்டிருக்கிறாள். வெற்றிலை கொடுத்த தைரியம்.

இந்தச் சட்டம்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. கடைசிப் பரீட்சை, காஸ்டிங் பேப்பர். என்னை நடுங்க வைத்த பேப்பர். விடிய விடியப் படித்துவிட்டு, பாங்கு சொன்னதும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, பாயில் நின்றேன். முதல் ரக்அத் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதில் சஜ்தாவுக்குக் குனிந்ததும் வெற்றிலையின் ஈர வாசம் வந்ததும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் மாரி சொல்லிச் சொல்லித்தான் நான் கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

அவள் குளித்துவிட்டு வந்தபோது நான் குனிந்தே கிடந்திருக்கிறேன். பரீட்சை நாள் அல்லவா, பிள்ளை நன்றாக வேண்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாளாம். என் அலாரம் அடித்திருக்கிறது. ஓடிப்போய் அமர்த்தினாளாம், வேண்டுதல் கலைந்துவிடக்கூடாதே என்று! பக்கத்து அறைப் பிள்ளைகளை அடிக்குரலில் பேசவைத்தாளாம். விடுதியே நுனிக்காலில் நடந்திருக்கிறது, நான் சொகுசாகத் தூங்க. மெஸ்ஸில் இட்லி தீர்ந்தது. மாரி வாசலுக்கும் பாய்க்குமாக நடக்க ஆரம்பித்தாள். தொட்டால் பாவம், தொடாவிட்டால் பரீட்சை போச்சு. கடைசியில் என் போனை எடுத்து அத்தாவையே கூப்பிட்டுவிட்டாள்.

"அப்பா, மாரி பேசுறேன். ஒங்க மக குனிஞ்சவ நிமிரவே இல்ல. பரீட்சைக்கு நேரமாச்சு. தொட்டா தப்பா?"

"எம்புட்டு நேரமா தாயி அப்படி இருக்கா?"

"விடியிறதுக்கு முன்னயிருந்தேப்பா."

தொழுகைக்காகச் சபையில் பந்தயம் கட்டிய மனுஷர். கோபமாகத்தான் இருப்பார் என்று மாரி பயந்துகொண்டே நின்றாளாம்.

"அது தொழுகையில்ல தாயி, தூக்கம். எழுப்பிவிடு. தவறுன தொழுகைய அப்புறம் தொழுதுக்கலாம், அதுக்குக் களா இருக்கு. பரீட்சைக்கு ஏது களா?" வைக்கப் போனவர் மறுபடி சொன்னாராம்: "தண்ணி கிண்ணி தெளிச்சிறாத. பயந்துருவா."

மாரி ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் தோளைத் தொட்டாள். கால் மரத்துப்போயிருந்ததில் நான் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். விஷயம் புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திரும்ப ஒளு செய்து, அவசர அவசரமாகத் தொழுதேன். இந்தத் தடவை மாரி சட்டம் எதையும் மதிக்கவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் ஒவ்வொரு தடவை குனியும்போதும், "ஏ புள்ள, முழிச்சிருக்கியா?" என்றாள். பதில் பேச முடியாதே. விரலை ஆட்டிக் காட்டினேன்.

பஸ் போயிருந்தது. ஷேர் ஆட்டோவில் என்னைத் திணித்து அவளும் ஏறிக்கொண்டாள். நெற்றியில் கோரைப்பாயின் வரி பதிந்திருக்க, பரீட்சை அறைக்குள் கடைசி ஆளாக நுழைந்தேன். தெரிந்ததையெல்லாம் எழுதினேன். பாஸாகிவிட்டேன். தங்கச்சி என்னைவிடப் பெரிய படிப்பெல்லாம் படித்தாள்.

அன்றைக்கு ராத்திரியும் போன் வந்தது. அத்தா திட்டவில்லை. காலையில் நடந்ததைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"மூணும் சரியா இருக்கா?" என்றார்.

"மூணா? மூணாவது என்னத்தா?"

"தூக்கம்தான். வேறென்ன?"

வேலைக்குப் போனேன், கல்யாணமானது, பிள்ளை பிறந்தது. படிப்பு இருந்த இடத்துக்கு வேலை வந்தது, அந்தக் கேள்வி மாறவேயில்லை. போன வருஷம் அத்தா மவுத்தாகிற வரைக்கும், "மூணும் சரியா இருக்கா?"தான்.

விடுதி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மாரி கோயம்புத்தூரில் இருக்கிறாள். இருட்டோடு எழுகிற பழக்கம் போகவில்லை, விடியுமுன் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புவாள். பாங்கு என் போனிலேயே ஒலிக்கிறது. ஆனால் அது ஒலிக்கும் முன்பே விழித்துக் கிடக்கிறேன். பெருவிரலைப் பிடித்து இழுக்க வேண்டிய அவசியமெல்லாம் யாருக்கும் இல்லை.

நேற்று ராத்திரி அந்த வெற்றிலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம். ரெண்டு சரியாக இருக்கிறது அத்தா. மூணாவதைத்தான் காணோம், கேட்கிறவர் போனதிலிருந்து.