காவல்காரனின் மோட்டார் சைக்கிள்

தொண்ணூறுகளில் அக்கா குடும்பம் கோடையில் முகாமடித்துத் தங்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே வேலைதான். கூடாரத்துக்குக் காவல் இருப்பது. ஊரில் நடந்த போரில் ஷெல் துண்டு பட்ட என் இடது முழங்கால் சரியாக மடியாது. ஐந்து நிமிடம் நடந்தால் வலி உயிரை எடுக்கும். ஏரியோ அரை மணி நேர நடை. எல்லாரும் குளிக்கத் துவாயும் கையுமாகப் போவார்கள், நான் சட்டி பானைகளோடு இருப்பேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அத்தான் ஒவ்வொரு முறையும் கேட்பார். சின்னப்பிள்ளையைப் போல என்னை ஏற்றி இறக்குவது எனக்குப் பிடிக்காது. "எனக்கு உந்தத் தண்ணி ஒத்துவராது, நீங்கள் போங்கோ" என்பேன். வறட்டுக் கௌரவம், வேறென்ன. அத்தான் என்னைக் காவல்காரன் என்று பகிடி பண்ணுவார். நானும் சிரிப்பேன். அவர்கள் போனபிறகு அந்தச் சட்டிகளைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கும்.

ஒரு வருடம் நான் வரவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரே வீட்டில்தான் எல்லாரும் இருந்தோம், ஆனாலும் அக்கா என்னோடு வாதாடவில்லை. அடுத்த சனிக்கிழமை அத்தான், கூட வேலை செய்கிறவரிடம் இரவல் வாங்கிய, காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் மடிப்புக் கூடார ட்ரெயிலரைக் கொண்டுவந்து கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தினார். அவருக்குப் பக்கத்து நகரமான மிசிசாகாவில் வெல்டிங் வேலை. ட்ரெயிலரின் பின்பக்கம் புதிதாக ஓர் இரும்புத் தாங்கி இருந்தது.

"உம்மட மோட்டச்சைக்கிளையும் கொண்டுபோவம்," என்றார். "அங்கை நீர் உம்மடபாட்டில ஓடித் திரியலாம்."

வேலைக்குப் போய்வர நான் வாங்கிய பழைய, சின்ன மோட்டார் சைக்கிள் அது. கியர் கிடையாது. இடது காலைச் சும்மா நீட்டிக்கொண்டு இருந்தால் போதும். நான் கேட்காமலே அளவெடுத்து, சாப்பாட்டு இடைவேளைகளில் அந்தத் தாங்கியைச் செய்திருக்கிறார்.  சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், தாங்கி கோணல் என்று குறை சொன்னேன்.

புறப்படும் அன்று மோட்டார் சைக்கிளை ஏற்றி, நாலு பட்டியால் இறுக்கிக் கட்டினோம். பிறகு அக்காவின் சாமான்கள் வந்தன. அரிசி மூட்டை, பெரிய பானை இரண்டு, கூடவே ஐந்து பெரிய பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீர். ஏரிகள் நிறைந்த நாட்டில் ஏரிக்குப் போகிறவர்கள் ரொறன்ரோவிலிருந்து தண்ணீர் காவுவதா என்று சிரிக்க வேண்டாம். ஊரில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது கெட்ட தண்ணீர் குடித்து அவருடைய மகள், என் மருமகள், சாகக் கிடந்து பிழைத்தவள். அதற்குப் பிறகு அக்கா கொதிக்கவைக்காத தண்ணீரை யாருக்கும் கொடுத்ததில்லை. இரண்டு நாள் அடுப்படியில் நின்று அந்த ஐந்து கானையும் நிரப்பியிருந்தார். இறக்குவதற்கு லேசாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ட்ரெயிலரின் பின்பகுதியிலேயே அடுக்கினோம்.

வடக்கே போகும் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு காரையே இழுத்து ஆட்டியது. மருமகள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அக்கா வாய்க்குள் தேவாரம் சொன்னார். அத்தான் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, அடுத்த பெற்றோல் நிலையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். 

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார லொறிச் சாரதி வந்து குனிந்து பார்த்தார். பாரம் முழுவதும் பின்னால் இருப்பதால்தான் ஆடுகிறது என்றார். அரிசியையும் பானைகளையும் அவரே எங்களோடு சேர்ந்து முன்னுக்கு நகர்த்தினார். ஆனாலும் இந்தச் சின்னக் காருக்கு இவ்வளவு பாரம் தாங்காது, எதையாவது இறக்கத்தான் வேண்டும் என்றார். எல்லாருடைய கண்ணும் மோட்டார் சைக்கிளில் போய் நின்றது. என் கண்ணும்தான்.

"இதை இஞ்சை பூட்டி வைச்சிட்டுப் போவம். வரேக்கை எடுப்பம்," என்றேன். "எனக்கென்ன, நான் வழமைபோலக் கூடாரத்தைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

 அக்கா போய் முதல் கானை இழுத்து இறக்கி, மூடியைத் திறந்து, புல்லில் கவிழ்த்தார்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"தண்ணியை அங்கை போயும் கொதிக்க வைப்பன். உன்ர காலை இஞ்சை விட்டிட்டுப் போகேலாது."

மகளுக்கென்று ஒரு போத்தலை மட்டும் நிரப்பிக்கொண்டார். ஐந்தாவது கானில் கொஞ்சம் நிதானித்தார். பிறகு அதையும் கவிழ்த்தார். லொறிச் சாரதி பட்டிகளை இன்னொருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

முகாமுக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளை இறக்கி, வெறும் கான்களை ஒவ்வொன்றாகப் பின்னால் கட்டி, தூரத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஐந்து நடை. அக்கா விறகு மூட்டி மறுபடியும் கொதிக்கவைத்தார். புகை கண்ணைக் கரித்தும் ஒரு முணுமுணுப்பில்லை. அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்: என் வாழ்நாளில் யாரும் எனக்காக இவ்வளவு பெரிய ஒன்றைக் கொட்டியதில்லை.

பின்னேரம் அவர்கள் நடந்தார்கள், நான் அவர்களுக்கு முன்னால் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். மருமகள் வரும்போது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

"மாமா, உங்களுக்கு இந்தத் தண்ணி அலர்ஜி எண்டு சொன்னீங்களே?"

"இது வேற ஏரி," என்றேன். தண்ணீருக்குள் என் கால் ஒரு வலியும் காட்டவில்லை. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

திரும்பி வந்தபோது பூனையைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு ரக்கூன்கள் எங்கள் மேசையிலிருந்து இறங்கி ஓடின. மீன் ரோல்ஸ் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. சாண்ட்விச்சுக்கு வைத்திருந்த பாணும் இல்லை. அத்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இஞ்சை ஒரு காவல்காரன் இருந்தவரெல்லோ. அவர் எங்கை போனவர்?"

"அவன் எங்களோட குளிக்க வந்தவன்," என்றார் அக்கா. சொல்லிவிட்டு, ரோல்ஸ் பெட்டியைக் கழுவ நான் கொண்டுவந்த கானைத் திறந்தார்.