ஆத்மாவைப் பற்றி நாற்பது கேள்விகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மூன்று கட்டில்கள் காலி. கோட்டுச்சேரிக்காரர் ஒருவரை பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்பைக் கழற்றாமல், சலைன் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நின்றார்.

காரணம், அன்று பாண்டிச்சேரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர். நோய் முற்றியவர்களுக்கு மருந்தைத் தவிர மனசுக்கு என்ன வேண்டும் என்று அறிய, நாற்பது கேள்விகள் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் கேள்வி: 'உங்கள் ஆத்மாவுக்கு இப்போது என்ன தேவை?' டாக்டரே ஆத்மாவை விசாரித்தால் நோயாளி என்ன நினைப்பான்? வீட்டில் போய்ச் சாகலாம் என்று மூவரும் கிளம்பிவிட்டார்கள்.

எழுந்து ஓட முடியாமல் மிஞ்சியவர் பக்கத்து ஊர் நெரவி விவசாயி கோவிந்தசாமி. ஈரல் கெட்டு வயிறு வீங்கிக் கிடந்தார். நாலு நாளாகப் பேச்சில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. டாக்டர் அவரிடமும் கேள்வியைப் படித்தார்.

"எந்தம்பிய வரச் சொல்லுங்க" என்றார்.

வரப்புத் தகராறில் பல வருஷம் முகம் பார்க்காத தம்பி. டாக்டருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'மன்னித்தல்' என்ற கட்டத்தில் உடனே டிக் போட்டார். ஆள் அனுப்பினோம், மறுநாள் காலை தம்பியும் வந்தார். நான் அழுவதற்குத் தயாராக நின்றேன்.

"நீ வெட்டுன வரப்பு ஒரு முழம் எம்பக்கம்தாண்டா இருக்கு."

"இந்த நெலமையிலயும் பொய் சொல்றியேண்ணே" என்று தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மதியம்வரை சண்டை. டாக்டர் தடுக்கப் போனார், நான் விடவில்லை. கோவிந்தசாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பசிக்கிறது என்றார். தம்பி திட்டிக்கொண்டே கஞ்சி ஊட்டினார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று டாக்டர் என்னைக் கேட்டார். பிறகு முன்பு போட்ட டிக்கையும் அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

தம்பி தினமும் வந்தார், தினமும் சண்டை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தம்பி வாதாடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மூச்சு நின்றுவிட்டது. நான் நாடி பார்த்து, இல்லை என்று தலையாட்டினேன். தம்பி குனிந்து, "ஒரு வார்த்த பதில் சொல்லுண்ணே" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, முடியாமல் கிடப்பவர்களிடம் ஒன்று மட்டும்தான் கேட்டேன்: யாரையாவது வரச் சொல்லணுமா? வருகிறவர் ஆறுதல்தான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.