கட்டிங் மேசை மேல் போட்ட வேஷம்

டிவியில் பெண் நடையோடு ஓர் ஆண் வந்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கூடவே ஒரு சிரிப்புச் சத்தம் போடுவார்கள். பேரப்பிள்ளைகளும் சிரிப்பார்கள். "ஏனுங்க அப்புச்சி, நல்ல கட்டத்துல எந்திரிச்சுப் போறீங்க?" என்று கேட்பார்கள். இப்போது சில தொடர்களில் அப்படிப்பட்டவர்களை மரியாதையாகவும் காட்டுகிறார்கள். அதையும் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். பேக்கிங்கில் ஓர் அண்ணன் இருந்தார். ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயிலில் வருவார். பனியனை மடித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவித்தான் பெட்டியில் வைப்பார். பேச்சும் நடையும் பெண்பிள்ளை மாதிரி இருக்கும். கேலி பொறுக்காமல் இரண்டு கம்பெனிகளை விட்டு வந்தவர். "இங்கதானுங்க தம்பி என்னையப் பேரு சொல்லிக் கூப்புடறாங்க. இதையும் உட்டுப்போட்டு எங்க போறது?" என்று ஒருநாள் டீக்கடையில் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நாங்கள் நாலைந்து பேரும் மேட்னிக்குப் போனோம். படத்தில் இடுப்பை ஒடித்து நடக்கிற ஒருவன் வந்தான். கதாநாயகன் அவனைக் கன்னத்தில் அறைந்தான். கொட்டகையே விசில் அடித்தது. நானும் அடித்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சரி, இவருக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் கட்டிங் மேசையைக் காலி செய்து மேடையாக்குவோம். பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு ஆட்டம் பாட்டம் பார்ப்பார்கள். அந்த வருஷம் கட்டிங் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சினிமா நடைய நடந்து காட்டுடா. கம்பெனியே குலுங்கோணும்."

அண்ணன் ஊர் நாடகத்தில் வேஷம் கட்டியவர். அவரிடமே போய் உட்கார்ந்தேன். தாடையைப் பிடித்து மை எழுதினார்.

"என்ன வேஷமுங்க தம்பி?"

"சும்மா, பொம்பள வேஷந்தானுங்கண்ணா."

"அப்ப ஆடாம இருங்க. மை கலஞ்சுதுன்னா மூஞ்சியப் பார்க்க முடியாது."

மேசை மேல் ஏறினேன். சினிமா நடை இரண்டு எட்டுத்தான் வந்தது. பிறகு கால் அண்ணன் நடைக்குப் போய்விட்டது. பனியன் தடவுகிற கையையும் செய்தேன். யாரோ அவர் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். முதலாளி முதற்கொண்டு எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். மேலே நின்றதால் எனக்கு முகம் நன்றாகத் தெரிந்தது. வாய் மட்டும்தான் சிரித்தது.

இறங்கியதும் தேங்காய் எண்ணெய் தொட்டு அவரே மையைத் துடைத்துவிட்டார். "கண்ண மூடிக்குங்க, எரியும்" என்றார். மூடிக்கொண்டேன்.

லீவு முடிந்து வந்ததும் அவருக்குப் பேர் போய்விட்டது. அந்தச் சினிமாவில் இடுப்பை ஒடித்து நடந்தவன் பேரே அவர் பேராகிவிட்டது. டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். படத்தில் அறை வாங்குகிறவன் அந்தக் கட்டத்தோடு போய்விடுவான். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர் மறுநாள் வேலைக்கு வர வேண்டும். அது அப்போது எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வரை வந்தார். திங்கட்கிழமை பேக்கிங்கில் வேறு ஆள் நின்றான்.

ஒரு மாதம் பொறுத்து, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஊத்துக்குளிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வீட்டில் அவர் அம்மா மட்டும் இருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"அவன் எப்பவும்போல வெடியால ரயிலுக்கே போயிட்டான் கண்ணு. பனியன் கம்பெனி வேலையாச்சே, ஒருநாள் தவற மாட்டான். அங்க அத்தன பேரும் தங்கமான ஆளுகன்னு சொல்லுவான். நீயும் அந்தக் கம்பெனிதானா?"

"இல்லீங்க" என்றேன். "நான் வேற கம்பெனிங்க."

மோரைக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். மறுபடி போகவில்லை.