கேட்பாரில்லாத மாடுகள்

மாடு பிடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி ஞானபூரணிக்கு ரேஷன் கடை வரிசையில்தான் கிடைத்தது. தொண்ணூற்றாறாம் வருஷம், ஆவணி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஒக்கூருக்குக் கிழக்கே நெடுங்கண்மாய்ப் பாசனத்தில் இருக்கிற ஏழு ஊருக்கும் சேர்த்துக் கண்மாய்க் கமிட்டி முடிவெடுத்திருக்கிறதாம். விதைப்புக்கு முன்னால் கருவைக்காட்டிலும் தைலமரக் காட்டிலும் திரிகிற மாடுகளையெல்லாம் வளைத்துப் பிடித்து, பஞ்சாயத்தின் மாட்டுப் பட்டியான பவுண்டில் அடைக்கப் போகிறார்களாம். பத்து நாள் வேலை. காரைக்குடியிலிருந்து குதிரை வருகிறது, நாய் வைத்திருப்பவர்கள் வந்தால் நல்லது என்று சொன்னார்களாம். சீனிக்கு நின்றவள் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

அவளுக்கு வேலை அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது. புருஷன் சூசைமரியான் செக்காலை ஆச்சி ஒருவருடைய முந்திரித் தோப்புக்குக் காவல்காரனாக இருந்து, மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். காவலை அவள் ஏற்றுக்கொண்டாள். சம்பளச் சீட்டில் செத்தவன் பெயரே ஓடிக்கொண்டிருக்க, ஆறு வருஷம் தோப்பைப் பார்த்தது அவளும் மூன்று நாய்களும்தான். செவலை மூத்த பெட்டை. கட்டையன் அதன் குட்டி. பூச்சி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. தோப்புக்குள் மாடு புகுந்தால் கடிக்காமல் குரைத்தே திருப்பி வெளியேற்ற அவள் பழக்கியிருந்தாள். மாட்டுக்குக் காயம் பட்டால் ஊரோடு சண்டை வரும் என்பது அவளுக்குத் தெரியும். போன சித்திரையில் தோப்பைப் பிளாட் போட விற்றுவிட்டார்கள். மரம் வெட்ட வந்தவர்கள்தான் அவளுக்கு அதைச் சொன்னார்கள். அதிலிருந்து களையெடுப்பும் சுள்ளி விற்பதுமாக ஓடியது. அதில் அவள் வயிறு நிறைந்தால் நாய்களுக்கு இல்லை.

அந்தக் காட்டு மாடுகளின் கதை ஏழு ஊருக்கும் தெரிந்த கதை. டிராக்டர் வந்தபின் உழவுக்கு மாடு தேவைப்படவில்லை. அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்ததும் வைக்கோல் இல்லாமல் பலர் அவிழ்த்து விட்டார்கள். விட்டவை காட்டிலேயே ஈன்று பெருகின. கயிறே அறியாத கன்றுகள் வளர்ந்து கொம்பு கூர்த்து நின்றன. பயிர் பச்சை கட்டினால் கூட்டமாக இறங்கி, ஒரே நாளில் வயலை மொட்டையடித்துவிட்டுப் போய்விடும். மடைக்குக் கீழே ஒண்ணரை ஏக்கர் வைத்திருந்த வீரலட்சுமி மூன்று போகம் தொடர்ந்து பறிகொடுத்தாள். வீடு வீடாகப் போய் யார் மாடு என்று கேட்டாள். எங்கள் மாடு இல்லை என்றுதான் எல்லா வாசலிலும் பதில். கமிட்டித் தலைவர் மெய்யநாதன் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்து, கேட்பாரில்லாத மாட்டுக்கு யாரம்மா பொறுப்பு என்று பரிவாகச் சொல்லி அனுப்பினார்.

ஞானபூரணி நாய்களோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனபோது அங்கே பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள். மஞ்சுவிரட்டில் பேர் வாங்கியவர்கள் பாதிப் பேர். மெய்யநாதன் நாற்காலியில் இருந்தார். அறுபது வயது, வெளுத்த வேட்டி, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். நாய்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தரமான நாய்கள், விட்டுவிட்டுப் போ, வேலை முடிந்ததும் வந்து பிடித்துக்கொள் என்றார்.

"நாய மட்டும் வச்சு என்ன செய்வீகய்யா? அதுக ஏஞ் சத்தத்துக்குத்தான் திரும்பும்" என்றாள் அவள்.

பொம்பளை காட்டுக்குள் மாட்டுப் பின்னால் ஓடுவதா என்று யாரோ சிரித்தார்கள்.  அவள் நாய்களின் கயிற்றை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவன் இழுத்தான். மூன்றும் நாலு காலையும் பரப்பிப் புழுதியில் படுத்துக்கொண்டன. வேப்பமரத்தடியில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த காரைக்குடிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் பெயர் குருநாதன். ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோக்கள் பெருகி சவாரி நின்றதும், கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் குதிரைகளை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். முள்ளுக்குள் புகுந்த மாட்டைக் குதிரையால் வெளியே கொண்டுவர முடியாது, அந்த அம்மா இல்லாமல் நான் காட்டில் இறங்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படித்தான் அவளுக்கு வேலை கிடைத்தது.

ஆள் பட்டியல் எழுதியவன் ஆண்கள் பேரையெல்லாம் வரிசையாக எழுதி, கீழே 'குதிரை இரண்டு, நாய் மூன்று' என்று போட்டு முடித்தான். தன் பேர் எங்கே என்று அவள் கேட்டாள். நாய்க்குள் எல்லாம் அடக்கம் என்றான். அவள் நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்த பிறகு, எரிச்சலோடு 'ஞானபூரணி' என்று எழுதினான்.

முதல் நாள் முழுக்கக் கூத்துதான். ஆண்கள் கூட்டமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு கருவைக்குள் நுழைந்தார்கள். மஞ்சுவிரட்டில் மாடு ஆளைப் பார்த்து வரும். இங்கே ஆள் வாடை பட்டதுமே மறுபக்கம் போய்விட்டது. பொழுது சாய்ந்தபோது அகப்பட்டது ஒரு நொண்டிக் கிடாரி மட்டும். ஆட்களுக்கு உடம்பெல்லாம் முள்.

மறுநாள் காலையில் ஞானபூரணி குருநாதனிடம் போய், "நம்ம எதுக்கு அதத் தேடிப் போகணும்ணே? ஆவணி வெயிலுக்கு அதுதான் தண்ணி தேடி வரணும்" என்றாள்.

கண்மாய் வற்றி, மடையடியில் மட்டும் ஒரு குட்டம் தண்ணீர் கிடந்தது. உச்சிப்பொழுதில் மாடுகள் அங்கே வந்துதான் ஆகவேண்டும். குருநாதனுக்கு யோசனை பிடித்தது. பழகிய மாடு ஒன்றிரண்டை முன்கூட்டியே தண்ணீரில் நிறுத்தினால் காட்டு மாடு மிரளாமல் வரும் என்று அவர் சேர்த்துச் சொன்னார். மெய்யநாதன் உடனே தன் தொழுவிலிருந்து மணி கட்டிய மூன்று பசுக்களைப் பண்ணையாள் மலையாண்டியிடம் கொடுத்தனுப்பினார். பெரிய மனசு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஞானபூரணியும் அப்படித்தான் நினைத்தாள்.

வெயில் ஏறியதும் கருவைக்குள் சலசலப்புக் கேட்டது. முதலில் ஒரு கிழட்டுப் பசு தலையை நீட்டியது. மணிச் சத்தம் கேட்டுக் காதை விறைத்து நின்றுவிட்டு, நேரே அந்த மூன்று மாடுகளிடம் போய் ஒன்றின் கழுத்தை நக்கியது. பின்னாலேயே பத்து, பன்னிரண்டு உருப்படி இறங்கின. குருநாதனும் அவர் மச்சினனும் வெறும் சாக்கை முதுகில் போட்டு ஏறிய குதிரைகளில் கரையோரமாகச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் அடைத்தார்கள். ஞானபூரணி நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். மூன்று நாய்களும் வயிறு தரையில் உரச ஓடிப் பின்பக்கத்தை மூடின. ஒரு கறுத்த காளை மட்டும் குதிரை மேல் பாய்ந்தது. குதிரை முன்னங்கால் தூக்கியதில் குருநாதன் சேற்றில் விழுந்தார். செவலை காளையின் மூஞ்சிக்கு நேரே நின்று குரைத்த குரைப்பில், அது தலையை உதறிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்தது. கரையில் போட்டிருந்த முள்ளடைப்புக்குள் அத்தனையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஞானபூரணி நாய்களைத் திரும்பக் கூப்பிட்டாள். தோப்பில் ஆறு வருஷம் யாரும் பார்க்காமல் செய்த வேலையை இன்று பதினைந்து ஆண்கள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறாம் நாளுக்குள் நாற்பத்தேழு மாடு பவுண்டில் நின்றது. சொந்தக்காரர்கள் அபராதம் கட்டி ஒரு வாரத்துக்குள் பிடித்துப் போகலாம், மிச்சத்தை ஏலம் விட்டு மடையைப் பழுது பார்க்கப் போகிறோம் என்று தமுக்கு அடித்தார்கள். நேற்றுவரை எங்கள் மாடு இல்லை என்றவர்கள், கொம்பைக் காட்டியும் சுழியைக் காட்டியும் உரிமை பேசிக்கொண்டு வந்தார்கள். வீரலட்சுமி சுவரோரம் நின்று அவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் ஞானபூரணி பவுண்டுத் தொட்டியில் கட்டையனின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த கிடாரி ஒன்றின் இடது காதில், கீழ் ஓரம் பிறைபோல வெட்டியிருந்தது. மணி கட்டிய மூன்று பசுக்களுக்கும் அதே இடத்தில் அதே வெட்டு இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிழட்டுப் பசுவுக்கு இருந்தது. அந்தக் கறுத்த காளைக்கு இருந்தது. காட்டிலே பிறந்து கயிறே காணாதது என்று ஊரே சொன்ன இரண்டு வயதுக் கிடாரிகளுக்கும் இருந்தது. அப்படியென்றால் காட்டில் கன்று விழுந்ததும் ஒருவன் தேடிப்போய்ப் பிடித்துக் காதை வெட்டி அடையாளம் போட்டு விட்டிருக்கிறான். கேட்பாரில்லாத மாடுகளுக்கு வருஷா வருஷம் அடையாளம் போட்ட கை ஒன்று இருந்திருக்கிறது.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. மூன்று வருஷம் ஊரார் பயிரைத் தின்று வளர்ந்த மந்தை மெய்யநாதனுடையது. இப்போது அது பெருத்துவிட்டது. தன் ஆட்களால் பிடிக்க முடியவில்லை. ஏழு ஊர்ச் செலவில் குதிரை கொண்டுவந்து, அவள் நாய்களை விட்டு, தன் மாட்டைத் தான் பிடித்துக்கொள்கிறார்.

மறுநாள் விடிந்ததும் பவுண்டுக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. மலையாண்டியும் இன்னும் இரண்டு பேரும் காது வெட்டிய மாடுகளைக் கயிறு போட்டு வெளியே ஓட்ட ஆயத்தமாக நின்றார்கள். பவுண்டு குமாஸ்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தான். ஞானபூரணி வாசலை அடைத்து நின்றாள். நாய்கள் அவள் காலடியில் படுத்தன. தண்ணீருக்கு ஆசை காட்ட விட்ட பழகிய மாடுகளைத் திருப்பி ஓட்டிப் போகிறோம், வழியை விடு என்றான் மலையாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பழகுன மாடு மூணுதானே விட்டீக? ஒரு வாரத்துல அது எப்படிப்பா இத்தனையாச்சு?"

சத்தம் கேட்டு ஆட்கள் கூடினார்கள். குருநாதன் வந்தார். வீரலட்சுமி வந்தாள். கடைசியாக மெய்யநாதன் வந்தார். ஞானபூரணி காது வெட்டைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவளுக்குப் பதில் சொல்லாமல் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, ஒரு கிடாரியின் பின்னங்காலில் இருந்த புண்ணைக் காட்டினார். இந்த அம்மாவின் நாய் கடித்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பேர் என்ன என்று குமாஸ்தா கேட்கவில்லை. ஞானபூரணி, கணவன் பேர் சூசைமரியான் என்று மளமளவென எழுதினான்.

அந்தப் புண்ணை அவள் பார்த்தாள். குருநாதன் ஏற்கெனவே குனிந்திருந்தார். கிடாரியின் காலை அமுக்கிப் பிடித்து, விரல் நீளக் கருவை முள் ஒன்றை உருவி எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மெய்யநாதன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏய்யா, எம்பேர மாட்டுப் பக்கத்துலயும் எழுதச் சொல்லுங்க" என்றாள் ஞானபூரணி.  "ஒங்க மாட்ட ஒங்களுக்குப் பிடிச்சுக் குடுத்தவ நானு. என்னைய வச்சே ஊர ஏமாத்திட்டு, ஏந் நாயிமேல பழி போடுறீகளே, இது அடுக்குமா?"

 எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று சொல்கிறவர் மெய்யநாதன். நாளைக்கு மடை திறக்கும்போது எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். தன்னோடு காட்டில் ஓடிய ஆண்களை ஞானபூரணி ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒவ்வொருவரும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். மெய்யநாதனைவிட அவர்கள் மேல்தான் அவளுக்கு அப்போது ஆத்திரம் வந்தது.

வீரலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். முதல் மாட்டின் இடது காதை மடக்கிப் பார்த்தாள். "ஒண்ணு" என்றாள். அடுத்ததிடம் போனாள். "ரெண்டு." யாரையும் திட்டவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. காதைத் தொடுவதும் எண்ணுவதுமாகப் பவுண்டு முழுக்க நடந்தாள். மணி கட்டியது மூன்றையும் விட்டுவிட்டு, பத்தொன்பதில் முடித்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஞானபூரணி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அத்தனை பேர் காதில் விழுந்த கணக்கை இல்லையென்று சொல்ல மெய்யநாதனுக்கு வழியில்லை. பிறை வெட்டு பல வீட்டில் உண்டு என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். எந்த வீட்டில் என்று ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார். குமாஸ்தாவுக்கும் பயம் வந்துவிட்டது, அபராதம் கட்டாமல் அவிழ்க்க முடியாது என்றான். அபராதத்தைக் கட்டி, ஏதோ தெரியாத மாட்டுக்குத் தருமம் செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மெய்யநாதன் பத்தொன்பதையும் ஓட்டிப் போனார். தின்ற பயிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. போகும்போது, நாய்க்காரி நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குருநாதன் அன்றைக்கே குதிரைகளைக் காரைக்குடிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தைலமரக் காட்டில் மிச்சம் இருந்த மாடுகள் பிடிபடவே இல்லை.

தலைவர் பதவி மெய்யநாதனிடமே இருந்தது. ஆனால் பிறைக் காது யாருடையது என்பது இப்போது ஏழு ஊருக்கும் தெரியும். அந்தப் போகம் முழுக்க அவர் மாடுகள் தொழுவத்திலேயே நின்றன. மிச்ச மாடுகளை வயல்காரர்களே முறை வைத்துக் காவல் காத்து விரட்டிக்கொண்டார்கள். வீரலட்சுமி தை அறுப்பில் முழு நெல்லையும் களத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு மூட்டை நெல்லைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஞானபூரணி வீட்டுக்கு வந்து இறக்கினாள். இருவரும் காப்பி குடித்தார்கள்.

அடுத்த ஆவணியில் கமிட்டியிலிருந்து ஆள் வந்தான். போன வருஷம் நடந்ததை மனசில் வைக்காதீக, இந்த வருஷமும் நீங்கதான் வந்து பிடிச்சுத் தரணும் என்று மரியாதையாகவே கேட்டான். ஏழு ஊரிலும் தொழுவத்தில் நிற்கிற மாட்டையெல்லாம் முதலில் கண்மாய்க் கரைக்கு ஓட்டி வந்து காது வெட்டையும் சூட்டுக்குறியையும் எல்லோருக்கும் காட்டுங்கள், பிறகு காட்டில் இறங்குகிறேன் என்றாள் அவள். கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் திரும்பவில்லை. குருநாதன் தெற்கே வேறொரு கண்மாயில் வேலை பேசி ஆள் அனுப்பினார். அங்கேயும் அவள் அதே நிபந்தனையைத்தான் போட்டாள். அங்கே ஒத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் நாய் ஏற்றமாட்டார்கள் என்பதால், மூன்றையும் கூட்டிக்கொண்டு பதினாறு மைல் நடந்தாள்.

வேலை நன்றாக இருக்கிறதா என்று அங்கே யாராவது கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள். நெடுங்கண்மாய்ப் பேச்சு வந்தால் மட்டும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். அந்தப் பத்தொன்பது மாட்டையும் ஒன்றுகூடத் தப்பவிடாமல் வளைத்து மெய்யநாதனிடம் கொண்டுவந்து சேர்த்தது தன் சத்தமும் தன் நாய்களும்தான் என்பதை அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.