எரியாத கட்சிக்காரரும் என் வீட்டுக்காரரும்

என் மகளுக்கு நாலு வயது நடக்கும்வரை காது குத்தவில்லை. பலாங்கொடை டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் பிள்ளையின் வெறுங்காதைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். தோடு வாங்க வக்கில்லை என்று நினைத்திருப்பார்கள். தோடு அலுமாரியில் பத்திரமாக இருந்தது. இல்லாமல் போனது என் அண்ணனின் மடி.

எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர். கேகாலைப் பக்கம், அரநாயக்கவுக்குப் போகிற வழியில், நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்திலேயே கங்காணியாக இருந்தார். அவர் கை படாமல் தோட்டத்து அம்மன் கோயிலில் ஒரு விளக்கு எரியாது. என் வீட்டுக்காரரோ, பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோயில் வாசலில் செருப்புக்குக் காவலாகக்கூட நிற்கமாட்டார். கல்யாணத்தன்று ஐயர் சொன்னதையெல்லாம் செய்தது எனக்காகத்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த சமயம் அண்ணன் வந்திருந்தார். அம்மன் சன்னதியில் காது குத்த நாள் பார்த்துவிட்டேன் என்றார். டவுனில் ஆசாரி கடை இருக்கிறது, கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை, அதற்குச் சாமி எதற்கு என்று இவர் கேட்டார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் இருவருக்கும் மாறி மாறிக் குழம்பை ஊற்றிப் பார்த்தேன், பேச்சு அடங்கவில்லை.

"ஆத்தா முன்னுக்கு இல்லன்னா என் மடியும் இல்ல மாப்புள்ள," என்றார் அண்ணன்.

"மடி இல்லன்னா உட்கார வைக்கக் கதிரை இருக்கு மச்சான்," என்றார் இவர்.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு வரத்தும் இல்லை, போனும் இல்லை. நான் எடுத்தால் என்னிடம் மட்டும் நாலு வார்த்தை பேசுவார், மாப்பிள்ளையைப் பற்றி மூச்சு விடமாட்டார். இவரும் அப்படியே. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி வளவை கங்கையில் தள்ளிவிடலாமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்போது நான் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கம்யூனிகேஷனில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குப் போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் இன்டர்நெட் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் என்பதால் கடைக்குள் நாங்கள் சிங்களத்தில்தான் சத்தமாகப் பேசுவோம். ஆள் குறைந்த நேரத்தில், மூலைக் கம்ப்யூட்டரில், ஒரு தமிழ்க் கருத்துக்களத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். அதில் சாமி உண்டா இல்லையா என்று அடித்துக்கொள்வதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. களத்தை நடத்தியவர் எங்கோ குளிர்நாட்டில் இருந்தார். நான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவள் என்று தெரிந்ததும் அந்தப் பகுதிக்கு என்னை மட்டுறுத்துநர் ஆக்கிவிட்டார். யாராவது வரம்பு மீறி எழுதினால் அதை அழிக்கிற வேலை. சம்பளம் கிடையாது, வசவு தாராளமாகக் கிடைக்கும்.

நான் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், பிறந்தவள். லயத்தில் சண்டைக்கா பஞ்சம்? ஆனால் எவ்வளவு கிழித்தாலும் விடிந்ததும் இரண்டு வீட்டாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே பீலிக்குத்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். அந்தப் பயத்தில் வாயில் வந்த கடைசி வார்த்தையை விழுங்கிவிடுவார்கள். கருத்துக்களத்தில் பீலி கிடையாது. ஆள் யாரென்று தெரியாது, முகம் தெரியாது, அந்தக் கடைசி வார்த்தையில்தான் பலர் ஆரம்பிப்பார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் மற்றவர்களின் குடும்பத்தைச் சபிப்பார்கள். கும்பிடாதவர்கள், கும்பிடுகிறவர்கள் எல்லோரையும் முட்டாள் என்பார்கள். நான் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் அழிக்கும்போது கட்சி பார்க்கமாட்டேன். கருத்தைத் திட்டு, ஆளைத் திட்டாதே, வீட்டில் செத்தவர்களை இழுக்காதே என்று எழுதி மேலே ஒட்டி வைத்தேன். பாதிப் பேர் அதையும் திட்டினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் இவர் கடைக்கு வருவார். கேள்விக்குறி என்ற புனைபெயரில் எழுதுவார். அவர் என் வீட்டுக்காரர் என்பது களத்தில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் அவர் எழுதியதையே அழித்தேன். வீட்டில் அன்றைக்கு வைத்த பருப்புக்கறியில் உப்பில்லை என்றார். உப்பு இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் திருநீறு என்ற பெயரில் புதிய ஆள் ஒருவர் வந்து கேள்விக்குறியை மட்டும் குறிவைத்துப் பதில் எழுத ஆரம்பித்தார். எழுத்துப்பிழை மலிந்திருந்தது, வாதம் கூர்மையாக இருந்தது. எனக்கு இரண்டு நாளில் விளங்கிவிட்டது. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. மழை நாளில் காலையிலிருந்தே எழுதி, வெயில் நாளில் பால் எடைபோட்டு முடித்துப் பகலுக்குப் பிறகு மட்டும் எழுதுகிற பக்தர் உலகத்தில் எத்தனை பேர் இருக்க முடியும்? அண்ணனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நான் எப்போதோ போனில் சொன்ன களத்தை, கேகாலையில் ஒரு சிங்களப் பையனின் கடையில் திறந்து, தமிழ் எழுத்துப் போட்டுத் தரச் சொல்லி எழுதுவதாக ஒப்புக்கொண்டார். கேள்விக்குறி யாரென்று எப்படித் தெரியும் என்றேன். இந்தத் திமிர் வேறு யாருக்கு வரும் என்றார்.

இவருக்கும் தெரிந்துபோனது. இருவரும் தெரியாததுபோல நடித்தார்கள். வீட்டில் இவர் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் உற்சாகமாகிவிடுவார். அண்ணனின் பதில் வரத் தாமதமானால், அங்கே வெயில்போல என்று முணுமுணுப்பார். போனில் பேசாதவர்கள் தினமும் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். நான் இடையில் நின்று அவர் வார்த்தையில் இரண்டும் இவர் வார்த்தையில் இரண்டும் அழித்துக்கொண்டிருந்தேன். காது குத்துகிற பேச்சு மட்டும் எழவே இல்லை. பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு அந்த மாசி மாதம் வந்தது. அண்ணன் மாலை நேரத்தில் ஒரு நீண்ட பதிவு போட்டார். அதை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவேன்.

ஒரு தாய் இருந்தாள், என்று தொடங்கியிருந்தார். ஆடி தவறாமல் கூழ் ஊற்றினாள், தீ மிதித்தாள். ஒரே ஒரு வருடம் காய்ச்சலில் படுத்துவிட்டாள், கோயிலுக்குப் போகவில்லை. அவள் செத்ததும், வேண்டுதல் குறை, ஆத்தா கொண்டுபோய்விட்டாள் என்று ஊரே சொன்னது. காய்ச்சல்காரியை மன்னிக்கத் தெரியாதது ஒரு தெய்வமா? அந்தச் சன்னதியில் என் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் உட்கார வைப்பேன்? அவளும் ஒருநாள் காய்ச்சலில் படுப்பாளே.

அவ்வளவுதான். அதோடு நிறுத்தியிருந்தார்.

களம் தீப்பிடித்தது. கும்பிடாதவர்கள், திருநீறு நெற்றியை அழித்துவிட்டார் என்று கொண்டாடினார்கள். கும்பிடுகிறவர்கள் அவரைத் துரோகி என்றார்கள், பிறப்பு வரைக்கும் போனார்கள். நான் அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தது. அண்ணனுக்குப் போன் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்திருப்பார். தோட்டத்து மேட்டில் ஏறிவிட்டால் சிக்னல் கிடையாது.

இவர் பின்னால் வந்து நின்று அந்தப் பதிவைப் படித்தார். செத்தது இவருடைய அம்மா. அதைப் பற்றி இவர் களத்தில் ஒரு வரியும் எழுதியதில்லை. சண்டைக்கு முன்பு நடந்த அந்தச் சாவு வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் ஊர்ப்பேச்சைக் கேட்டிருக்கிறார். ஆனால் பிள்ளைக்கும் காய்ச்சல் வருமே என்கிற அந்தக் கடைசி வரியை இவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"உங்கண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து பாட்டிலேயே வாதாடுவார்கள். அண்ணன் வருடா வருடம் எரியாத கட்சி. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதில் சொல்கிறவர் முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைத் தன் வாயாலேயே, தன் சொந்தக் கருத்துப்போல உருகிப் பாட வேண்டும். எதிராளி, ஆமாம் அதுதான் என்று தலையாட்ட வேண்டும். உடனே தப்பு மேளம் அடிக்கும், ஆட்கள் தேத்தண்ணி குடிப்பார்கள், அதற்குப் பிறகுதான் பதில். அண்ணன் கூத்து முடிந்த சூட்டில் கேகாலைக்குப் போய் அதே முறையில் எழுதிவிட்டு, தேத்தண்ணிக்கு இடம் விட்டு, பஸ் ஏறிவிட்டார்.

இதைச் சொன்னதும் இவர் சிரித்தார். கல்யாணமான புதிதில் விடிய விடிய அந்தக் கூத்தைப் பார்த்தவர்தான், தோட்டத்துச் சாமி காரியங்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று அப்போதே சொன்னார். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து தட்டினார். யாரும் வெடி கொளுத்த வேண்டாம், திருநீறு இன்னும் தன் பக்கத்தைப் பேசவில்லை, இப்போது பேசியது என் பக்கம், நான் பேசியதைவிடச் சரியாகப் பேசியிருக்கிறார், ஆமாம், அதுதான். இப்படி எழுதிவிட்டு, அவர் வரும்வரை அவரைத் திட்டுகிறவன் என்னைத் திட்டுகிறான் என்றும் சேர்த்தார். நான் அந்தத் திரியை, அதாவது அந்த விவாதத்தை, யாரும் மேலே எழுத முடியாதபடி பூட்டினேன்.

மறுநாள் நல்ல வெயில். பகல் கழிந்துதான் அண்ணன் வந்தார், நடந்த கூத்தைப் பார்த்து மிரண்டுபோனார். நான் பூட்டைத் திறந்ததும் தன் கட்சியை எழுதினார். வேண்டுதல் குறை என்று சொன்னது ஊர். ஆத்தா சொல்லவில்லை. ஊர் வாயை ஆத்தா வாய் என்று எடுத்துக்கொண்டால், குற்றம் சொன்னவனை விட்டுவிட்டுக் கும்பிட்டவளுக்குத் துணையாக நின்ற ஆத்தாவைத் துரத்துகிறோம் என்று எழுதியிருந்தார்.

இவர் மனம் மாறவில்லை. மாறுகிற ஆளா? ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. உட்கார்ந்து அண்ணனின் கட்சியைத் தன் கட்சிபோல எழுதினார். எனக்கு ஒரே தங்கை, தாய் தகப்பன் இல்லாமல் நான் தூக்கி வளர்த்தவள். அவள் பிள்ளை என் மடியில் உட்காரும்போது, பார்த்தீர்களா, குறையில்லாமல் வளர்த்துவிட்டேன் என்று நான் யாரிடம் காட்டுவேன்? காட்டுவதற்கு எனக்கு மேலே ஒரு முகம் வேண்டும். ஆசாரி கடையில் அந்த முகம் இல்லை. இதைத் தட்டி முடித்துவிட்டு, சரிதானா என்று என்னிடம் கேட்டார். நான் போட்டோகொப்பி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் கீழே அண்ணன் ஒரே சொல் எழுதினார். அதேதான்.

அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் அது சட்டமானது. எதிராளி தலையாட்டும்வரை அவர் பக்கத்தைச் சொல்லு, பிறகு உன் பதிலை எழுது. சண்டை குறையவில்லை, நாற்றம் குறைந்தது. சிலர் சோம்பல்பட்டு வேறு களத்துக்குப் போய்விட்டார்கள், நிம்மதியாக இருந்தது.

அண்ணன் போன் எடுத்து, பிள்ளையின் காது விசயத்தை முடித்துவிடுவோம், வருகிறேன் என்றார். நான் சந்தோசத்தில் எங்கே என்று கேட்க மறந்துவிட்டேன். அன்றைக்குக் காலையில் இவர் வேட்டி கட்டி, தேங்காய் பழம் வாங்கி, கோயிலுக்கு ஆட்டோ பேசிவிட்டு நிற்கிறார். அண்ணன் சீர்த்தட்டோடு வந்து இறங்குகிறார், பின்னால் டவுன் ஆசாரி.

"கோயில் வேணாம் மாப்புள்ள. உங்க மனசுக்கு ஒத்து வராது. இங்கயே குத்துவோம்," என்றார் அண்ணன்.

"அதெல்லாம் இல்ல மச்சான். ஆத்தா முன்னுக்குத்தான். நான் வாசல்ல நிக்கிறேன்," என்றார் இவர்.

இரண்டு பேரும் ஒருவர் கட்சியை மற்றவர் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று வாதாடினார்கள். குரல் ஏறியது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். ஆசாரி என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில், திரியைப் பூட்டியாச்சு, உள்ளே வாங்க என்று கத்தினேன். இருவரும் செருப்பைக் கழற்றினார்கள்.

முன்னறையில் பாய் விரித்து அண்ணன் உட்கார்ந்தார். பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். இவர் எதிரில் குந்தி அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆசாரி கம்பியை ஏற்றியதும் பிள்ளை வீறிட்டாள். அண்ணன் கண்ணை இறுக மூடி, ஆத்தா, ஆத்தா என்றார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பிறகு இவர் முன்னால் சொல்லிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, வாயை மூடிக்கொண்டார். ஆசாரி அடுத்த கம்பியை எடுத்தார்.

"அந்தக் காதுக்கும் கூப்பிடுங்க மச்சான்," என்றார் இவர்.

அண்ணன் கூப்பிட்டார்.