மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்

கவுன்சலிங் என்பது, அடுத்தவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் படித்து வாங்கும் வேலை. மலேசியாவில், குருண் என்ற ஊரில், கையுறைத் தொழிற்சாலை சூப்பர்வைசராக மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய நான், ஐம்பத்தைந்து வயதில் இதற்குப் போனேன். வயதான பிறகு புதுத் தொழில் கற்று அவமானப்பட்டவர்களுக்கு என் நிலைமை உடனே புரியும்.

அவசர மாப்பிள்ளை

அலோர் ஸ்டாரில் வார இறுதி வகுப்பு. ஒருநாள் நடிப்புப் பயிற்சி. நான் ஆலோசகர், என்னோடு படிக்கும், என் மகள் வயதுள்ள குமுதாவுக்குக் காதலன் விட்டுப்போன பெண் வேடம். அவள் வாயைத் திறந்ததுமே, "விடும்மா, போனா போறான். எங்க பெக்டரியில ஒரு நல்ல பையன் இருக்கான்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "அக்கா, அவ முதல்ல அழுது முடிக்கட்டும்லா. மாப்பிள்ளைய அப்புறம் பாக்கலாம்."

மதியத் தூக்கம்

படிப்பு முடிந்து, குருணிலேயே கடைவீட்டு மாடியில் இருக்கும் ஓர் ஆலோசனை நிலையத்தில் சேர்ந்தேன். செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் அந்தோணி அண்ணன் வந்தார். மனைவி இறந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மகள் அனுப்பியிருந்தாள். ஒரு வாக்கியம் சொல்வார், பிறகு வெகுநேரம் சும்மா இருப்பார். மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்று படித்திருந்தேன். கலைக்கவில்லை. உண்ட மயக்கம் வேறு.

கண்விழித்தபோது மின்விசிறி என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது? தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம். பக்கத்துல ஒரு ஆளு தூங்குற மூச்சுச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு."

பலகைத் தடுப்பு

இதைச் சொல்லத்தான் கூசுகிறது. மலர் என்ற பெண் மாமியாரோடு வந்தாள். தூக்கம் வரவில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். மாமியாரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, கணவன் அடிப்பதைக் குசுகுசுவென்று சொன்னாள். வந்தவர் சொன்னதை நாம் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அது எங்கள் பாடம். சொன்னேன், பெக்டரிக் குரலில்: "அப்போ, உங்க வீட்டுக்காரரு உங்கள அடிக்கிறாரு."

நடுவில் இருந்தது மெல்லிய பலகைத் தடுப்பு. மலரின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தைக்குக் கேட்டிருக்கும்" என்றாள். இவளை இப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது மட்டும் புரிந்தது. நிலையத் தலைவியைக் கூப்பிட்டு, செய்த காரியத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போக இடம் இருக்கிறதா என்று மலரிடம் கேட்டார். பண்டார் பாருவில் அக்கா இருப்பதாகச் சொன்னாள்.

கதவைத் திறந்தால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். மலர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் மருமகளின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நானும் அதே வீட்டுலதான் இருக்கேன், எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இனிமே கேக்காத மாதிரி இருக்க முடியாது. அக்கா வீட்டுக்கு நானே கொண்டுபோய் விடுறேன்."

மலர் அக்கா வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறாள், நிலையத்தில் பலகையை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்துவிட்டார்கள், என் சான்றிதழை மட்டும் என் கண்ணில் படாதபடி என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.